56 மில்லிமீட்டருக்குள் ஒரு கூலர்

சின்ன கேபினெட்டில் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் பிராசசரின் சூட்டை எடுக்கும் கூலர் வாங்கும்போது முதலில் பார்ப்பது உயரத்தைத்தான். உள்ளே எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது, அதற்குள் அடங்குவதில் பெரியது எது என்று தேடி வாங்கி மாட்டிவிடுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் அத்தானின் ஸ்டுடியோவுக்கு ஒரு கம்ப்யூட்டர் கட்டியபோது எனக்குத் தெளிவானது வேறு. கூலருக்குக் காற்று எந்த வழியாக வருகிறது, சூடான காற்று எந்த வழியாகப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். உயரம் அதற்கு அடுத்ததுதான். கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. அந்தக் காற்றோடு உப்பும் உள்ளே வரும்.

ஸ்டுடியோவுக்கும் கடலுக்கும் இடையில் சில தெருக்கள்தான். கல்யாண ஆல்பம் வடிவமைப்பு, வீடியோ எடிட்டிங் இரண்டும் அத்தானின் தினசரி வேலை. சில வீட்டுக்காரர்கள் காலையில் கோயிலில் நடந்த திருமணத்தை மாலை வரவேற்பில் திரையில் பார்க்க ஆசைப்படுவார்கள். அப்போது மண்டபத்திலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து எடிட் செய்ய வேண்டும். முட்டம், கடியப்பட்டணம், தேங்காப்பட்டணம் என்று கம்ப்யூட்டரும் கூடவே போகும். லேப்டாப்பில் நீளமான வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் பாதியிலேயே சூடாகித் தவழ ஆரம்பிக்கிறது என்பது அவருடைய பல நாள் வருத்தம். "மக்கா, ஸ்கூட்டர்ல கால் பக்கம் வச்சுக் கொண்டு போற மாதிரி ஒரு பெட்டி கட்டிக் குடுடே. ஆனா ரொம்ப இரையக் கூடாது. சத்தம் கேட்டுக்கிட்டே ஆடியோ சரிபண்ண முடியாது பாத்துக்கோ" என்றார்.

தவக்காலத்தில் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர் வீடுகளில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும் வரிசையாக வரும். அந்த இடைவெளியில் இந்த வேலையை முடித்தோம். மார்ச் மாத வெயிலில் சோதித்துப் பார்க்க முடிந்தது இதற்கு மிகவும் நல்லதாகப் போயிற்று.

பெட்டியும் பிராசசரும்

கேபினெட் பிராக்டல் நோட் 202. பழையதாக நல்ல நிலையில் கிடைத்தது. 2015இல் வந்த வடிவம், 82 மிமீ தடிமன், பத்து லிட்டர் சொச்சம் கொள்ளளவு. படுக்க வைக்கலாம், நிறுத்தியும் வைக்கலாம். உள்ளே இரண்டு அறைகள். ஒன்றில் மதர்போர்டும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும், இன்னொன்றில் கிராபிக்ஸ் கார்டு. இதில் கவனிக்க வேண்டியது, தனியாக ஃபேன் பொருத்தும் இடம் கிராபிக்ஸ் கார்டு அறையில்தான் இருக்கிறது. பிராசசர் இருக்கும் அறையில் கூலரின் ஃபேன்தான் எல்லாம். வெளிக்காற்றை இழுப்பதும் அதுவே, உள்சூட்டைத் தள்ளுவதும் அதுவே. எஸ்எம்பிஎஸ் ஃபேன் தன் வேலையைத் தான் பார்த்துக்கொள்ளும், இதற்கு உதவாது.

மதர்போர்டு 17 செமீ சதுரமான மினி ஐடிஎக்ஸ், பிராசசர் உட்காரும் இடம் ஏஎம்5 சாக்கெட். பிராசசர் ரைசன் 5 7600. கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060. கிராபிக்ஸ் கார்டை மதர்போர்டோடு இணைக்க கேபினெட்டோடு வரும் ரைசர் பிசிஐஇ 3.0 தலைமுறை. அதனால் மதர்போர்டின் அடிப்படை அமைப்பான பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென் 3, அதாவது மூன்றாம் தலைமுறை என்று கையால் மாற்றினேன். தானாகத் தேர்ந்துகொள்ளும்படி விட்டால் புதிய மதர்போர்டுகள் ஜென் 4 வேகத்தில் பேச முயன்று திரை வராமல் போகலாம்.

7600இன் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும். உண்மையில் சாக்கெட் வழியாக அது இழுத்துக்கொள்ள அனுமதி உள்ள உச்சம் 88 வாட். கூலர் தேர்வுக்கு அந்த 88தான் கணக்கு. கோர்கள் ஆறும் இருக்கும் சிலிக்கான் துண்டின் பரப்பு சுமார் 70 சதுர மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகம் அளவு. அதுவும் பிராசசரின் நடுவில் இல்லை, ஒரு ஓரமாக இருக்கிறது. மேலே மூடியிருக்கும் உலோகத் தகடும் கொஞ்சம் தடிமனானது. முந்தைய ஏஎம்4 சாக்கெட் கூலர்களின் உயரக் கணக்கு மாறாமல் இருக்கட்டும் என்று பிராசசர் கம்பெனியான ஏஎம்டி அப்படிச் செய்தது. இவ்வளவு சிறிய இடத்தில் பிறக்கும் சூட்டை வேகமாகப் பரப்பியாக வேண்டும் என்பதால், அடித்தளத்தில் செம்பும், சூட்டைக் கடத்தும் குழாயான ஹீட் பைப்பும் உள்ள கூலர்தான் வேண்டும் என்று தொடக்கத்திலேயே தோன்றியது.

95 டிகிரி இந்த பிராசசருக்கு ஆபத்தான வெப்பநிலை அல்ல. அதுவரை போகலாம் என்றே வடிவமைத்திருக்கிறார்கள். 95ஐத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அந்த நேரத்தில் ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எனக்குச் சிக்கல் அங்கேதான்.

அளந்து பார்த்தல்

நோட் 202க்கு கூலர் உயரம் 56 மிமீ வரை என்று சொல்லப்பட்டிருக்கிறது. பழைய பெட்டி. மூடி கொஞ்சம் வளைந்திருந்தாலோ அதன் துளைகளில் உள்ள தூசி வடிகட்டி தடிமனாக இருந்தாலோ இந்தக் கணக்கு மாறிவிடும். அதனால் நேரடியாகவே அளந்தேன். பிராசசரைச் சாக்கெட்டில் வைத்து, அதன் மேல் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பிள்ளைகள் விளையாடும் களிமண் உருண்டை ஒன்றை உயரமாக நிறுத்தினேன். மூடியை மெதுவாகப் பூட்டித் திறந்தேன். நசுங்கிய களிமண்ணின் உயரத்தை வெர்னியரால் அளந்தால் முடிந்தது. பிராசசரின் மேற்பரப்பிலிருந்து மூடியின் உட்பக்கம் வரை எவ்வளவு இடம் என்று கண்ணால் பார்த்துவிடலாம். எனக்கு 56க்கு மிக அருகிலேயே வந்தது. மதர்போர்டிலிருந்து அளப்பது பயன்படாது, ஏனென்றால் கூலர் கம்பெனிகள் சொல்லும் உயரம் பிராசசரின் மேற்பரப்பிலிருந்து கணக்கிடப்படுவது.

உயரம் மட்டும் போதாது. ஐடிஎக்ஸ் மதர்போர்டில் சாக்கெட்டைச் சுற்றி நெருக்கடி அதிகம். ஒரு பக்கம் ரேம், இரண்டு பக்கம் பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியின் மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியக் கட்டிகள், இன்னொரு பக்கம் எஸ்எஸ்டியை மூடிய தகடு. கூலரின் நீள அகலத்துக்கு ஒரு காகித அட்டையை வெட்டி, நடுவில் பிராசசர் அளவுக்கு ஓட்டை போட்டு, சாக்கெட்டின் மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஹீட் பைப்புகள் வளைந்து வெளியே நீட்டும் பக்கம் எங்கே வர வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ரேம் வாங்கும்போது தலையில் கொண்டை வைத்த அலங்கார ரேம் வேண்டாம் என்றும் முடிவானது. மேல் தகடு இல்லாத சாதாரண டிடிஆர்5 ரேமின் உயரம் 31 மிமீ சொச்சம்தான். இந்த மாதிரிப் பெட்டிக்கு அதுவே பொருத்தம்.

கையில் இருந்த தேர்வுகள்

120 மிமீ ஃபேன் உள்ள தாழ்வான கூலர்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. நாக்டுவா என்ஹெச்-எல்12எஸ், தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி120-எக்ஸ்67, டீப்கூல் ஏஎன்600 எல்லாம் அந்த வகை. முதலாவது 70 மிமீ, மற்ற இரண்டும் 67 மிமீ. பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும் என்பதால் சத்தமும் குறைவு. ஆனால் 56க்குள் அவை அடங்காது. 70 மிமீ இடமுள்ள கேபினெட் வாங்க வசதி இருக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் போகலாம். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதி மூன்று. ஒன்று, 7600உடன் இலவசமாக வரும் ரெய்த் ஸ்டெல்த். அதன் உயரம் 54 மிமீ, இந்தப் பெட்டிக்குள் அடங்கும். இரண்டாவது நாக்டுவா என்ஹெச்-எல்9ஏ-ஏஎம்5, 37 மிமீ. அதில் சூட்டைப் பரப்பும் தகடுகள் கொண்ட ஹீட்சிங்க் 23 மிமீ, ஃபேன் 14 மிமீ. மூன்றாவது தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47. பெயரிலேயே உயரம் இருக்கிறது, 47 மிமீ. நான்கு ஹீட் பைப், 92 மிமீ அகலமும் 15 மிமீ தடிமனும் உள்ள ஃபேன். இதே வரிசையில் 36, 53 மிமீ உயரங்களிலும் உண்டு.

நாகர்கோவில் கடைகளில் கேட்டால் தாழ்வான கூலர் என்று பிராசசர் பெட்டியோடு வரும் கூலரையே எடுத்துக் காட்டுகிறார்கள், இல்லையென்றால் கோபுரம் போன்ற பெரியவற்றைக் காட்டுகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் பக்கம் சின்னப் பெட்டி கேட்டு வருகிறவர்கள் குறைவு. எக்ஸ்47ஐ ஆன்லைனில் வாங்கினேன். எல்9ஏ ஒரு நண்பரின் கம்ப்யூட்டரில் இருந்தது. சோதனைக்காகக் கழற்றித் தந்தார். கையில் பழைய எல்9ஏ வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏஎம்4க்கு வந்தது நேராக ஏஎம்5இல் உட்காராது, தனி மாற்றுப் பொருத்தி வாங்க வேண்டும். ஏஎம்4இல் மதர்போர்டின் அடியில் இருக்கும் பின்தகட்டைக் கழற்றிவிட்டு கூலர் தன்னுடையதைப் போடும். ஏஎம்5இல் அந்தப் பின்தகடுதான் சாக்கெட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அதில் கை வைக்கக் கூடாது. துளைகளின் இடைவெளி மட்டும் மாறவில்லை, அதனால் பின்தகட்டைத் தொடாமல் மேலிருந்தே பூட்டிக்கொள்ளும் பழைய கூலர்கள் பல ஏஎம்5இல் சேரும்.

முதலில் இலவசக் கூலர்

காசு கொடுக்கும் முன் இலவசமாக வந்ததைச் சோதிப்பதுதான் முறை. ரெய்த் ஸ்டெல்த் அலுமினியத்தால் ஆனது, ஹீட் பைப் கிடையாது. மூடியைப் பூட்டினால் ஃபேனுக்கும் மூடிக்கும் இடையே 2 மிமீ மட்டும். ஒரு விதத்தில் இது நல்லதுதான். ஃபேன் கிட்டத்தட்ட மூடியின் துளைகளோடு ஒட்டி நிற்பதால் வெளிக்காற்று நேராக உள்ளே வரும். கெடுதலும் அதிலேயே இருக்கிறது. சுழலும் இறக்கைக்கு மிக அருகில் கம்பி வலையோ துளைத் தகடோ இருந்தால் காற்று கிழிபட்டு ஓர் ஊளை வரும். அந்தச் சத்தம் மெதுவான வேகத்தில்கூடக் கேட்டது.

மதியம் அறை வெப்பநிலை 31 டிகிரி. ஏசி போடவில்லை. மண்டபத்தில் ஏசி கிடைக்கும் என்று நம்பிக் கட்ட முடியாது. பிராசசரை முழுச் சுமையில் ஓட்டிச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23ஐத் தொடர்ந்து ஓடவிட்டு, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பநிலையைப் பார்த்தேன். சில நிமிடங்களில் 95ஐத் தொட்டு அங்கேயே நின்றது. பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அத்தான் எட்டிப் பார்த்து, "இது என்னடே, மிக்ஸி ஓடுதா?" என்று கேட்டார். சாதாரண டவர் கேபினெட்டில், அலுவலக வேலைக்கு ஸ்டெல்த் போதும். இந்தப் பெட்டிக்கு அது வேண்டாம் என்று எடுத்துவிட்டேன்.

இங்கே அறை வெப்பநிலை பற்றிச் சொல்லிவிட வேண்டும். கூலர் விமர்சனங்கள் பெரும்பாலும் 20லிருந்து 25 டிகிரி வரையுள்ள அறையில் செய்யப்படுபவை. ஃபேன் வைத்த இந்தக் கூலர்கள் செய்வது அறைக் காற்றுக்கும் பிராசசருக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பது மட்டும்தான். அறை பத்து டிகிரி கூடினால் பிராசசரும் ஏறக்குறைய பத்து டிகிரி கூடும். அங்கே 82 என்று இருந்தால் இங்கே மார்ச் மதியத்தில் 90 என்று நினைத்துக்கொள்ள வேண்டும். மதுரை, திருநெல்வேலி அளவுக்கு நம் மாவட்டத்தில் வெயில் கொளுத்தாது என்பது உண்மை. ஆனால் இரவிலும் அறை பெரிதாகக் குளிர்வதில்லை. ஈரக்காற்று அப்படியே நிற்கும்.

காற்று வழி

எல்9ஏயையும் எக்ஸ்47ஐயும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்ததில்தான் விஷயம் பிடிபட்டது. எல்9ஏ போட்டால் ஃபேனுக்கு மேலே 19 மிமீ காலியிடம். எக்ஸ்47க்கு 9 மிமீ. காலியிடம் அதிகம் இருந்தால் ஃபேன் நன்றாக மூச்சு விடும் என்று தோன்றும். மூடியே இல்லாத திறந்த மேசையில் அது சரிதான். மூடிய பெட்டியில் நடப்பது வேறு. ஹீட்சிங்கின் தகடுகளுக்கு இடையே புகுந்து சூடேறிய காற்று நாலா பக்கமும் சிதறுகிறது. ரேமிலும் அலுமினியக் கட்டிகளிலும் மோதி மேலே எழும்புகிறது. மேலே காலியிடம் இருக்கிறது, அங்கே ஃபேன் இழுத்துக்கொண்டும் இருக்கிறது. மூடித் துளைகள், வடிகட்டி எல்லாவற்றையும் தாண்டி வெளிக்காற்றை இழுப்பதைவிடப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சூடான காற்றை மறுபடி இழுப்பது ஃபேனுக்கு எளிது. அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

இதை உறுதிப்படுத்த ஊதுபத்தி கொளுத்தினேன். மூடியின் துளைகளுக்கு மேல் புகையைப் பிடித்தால், கூலருக்கு நேர் மேலே உள்ள துளைகளில் கொஞ்சம் உள்ளே போயிற்று. சற்றுத் தள்ளியிருந்த துளைகளில் புகை வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டது. சூடான காற்று அங்கே வெளியேறி, மறுபடி பக்கத்துத் துளையில் புகுந்துகொண்டிருந்தது.

தீர்வு, ஃபேனின் நான்கு ஓரத்துக்கும் மூடிக்கும் இடையே ஒரு சட்டம். ஃபேன் வெளிக்காற்றை மட்டும் இழுக்கும்படி ஒரு குழாய் போல. கோட்டாறு கடைத்தெருவில் பள்ளிக் கைவேலைக்கு விற்கும் ஈவிஏ ஃபோம் தாள் வாங்கினேன். பஞ்சு மாதிரியான ஃபோம் வேண்டாம். அது காற்றைக் கசியவிடும், ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அடுக்கி ஒட்டிப் பத்து மிமீ தடிமன் வரும்படி செய்து, வெளிப்புறம் 92 மிமீ சதுரமாகவும் உள்ளே ஃபேனின் வட்டத்துக்குச் சமமான ஓட்டையாகவும் பிளேடால் வெட்டினேன். இடைவெளியை விட ஒரு மிமீ கூடுதலாக இருப்பது வேண்டுமென்றேதான். மூடி பூட்டும்போது லேசாக அழுந்தி இடுக்கு இல்லாமல் அடைபடும். அதற்கு மேல் தடிமன் வைத்தால் மூடியின் அழுத்தம் முழுவதும் கூலர் வழியாகப் பிராசசரின் மேல் இறங்கும். சட்டத்தை ஃபேனின் ஓரத்தில் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டினேன். மூடியில் ஒட்டவில்லை, வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்பதால்.

அடுத்து வெளியேறும் வழி. சட்டம் போட்டபின் கூலருக்கு மேலே உள்ள துளைகளில் காற்று உள்ளே மட்டும் வரும். மற்றத் துளைகளும் பின்பக்க இடுக்குகளும் வெளியேறுவதற்கு. எஸ்எம்பிஎஸ் கேபிள்கள் அந்தப் பாதையில் குவிந்து கிடந்தன. அவற்றைச் சுவரோரமாக ஒதுக்கிக் கட்டினேன். பெட்டியை நிறுத்தி வைக்கும்போது வெளியேறும் துளைகள் மேல்பக்கம் வரும்படி வைத்தேன்.

அறை 31 டிகிரி, 88 வாட், சினிபெஞ்ச் அரை மணி நேரம். எல்9ஏ சட்டம் இல்லாமல் 95ஐத் தொட்டது, தடிமனான சட்டத்தோடு 93. எக்ஸ்47 சட்டம் இல்லாமல் 92, சட்டத்தோடு 86. சில்லறைக் காசுக்கு வாங்கிய ஃபோம் தாள் ஆறு டிகிரி குறைத்துத் தந்தது. அடுத்த உயரமான 53 மிமீ கூலரை வாங்கியிருந்தால் இந்த ஆறு டிகிரி கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அதோடு மூடிக்கு 3 மிமீ மட்டுமே மிஞ்சி, ஸ்டெல்த்தில் கேட்ட அதே ஊளை வந்திருக்கும். ஃபேனுக்கு மேல் பத்து மிமீ அளவில் அடைக்கப்பட்ட இடைவெளி இருந்தால் சத்தமும் அடங்குகிறது, காற்றும் நேராக வருகிறது. 47 மிமீயைத் தேர்ந்தெடுக்க இதுதான் காரணம்.

ஃபேனைத் திருப்பிப் போட்டு, காற்றை வெளியே தள்ளும்படி வைத்தும் பார்த்தேன். சூடான காற்று நேராக மூடி வழியாக வெளியேறியது, பிராசசர் வெப்பநிலையும் மோசமில்லை. சில கேபினெட்டுகளில் இதுவே சிறந்த வழி. இங்கே இரண்டு காரணங்களால் வேண்டாம் என்று விட்டேன். தாழ்வான கூலர் கீழ்நோக்கி ஊதும்போது பிராசசரைச் சுற்றியுள்ள மின்சாரப் பகுதிக்கும் எஸ்எஸ்டிக்கும் காற்று படுகிறது. கோபுரக் கூலருக்கு இல்லாத நன்மை இது. திருப்பிப் போட்டால் அது போய்விடும். இரண்டாவது, காற்றை வெளியே தள்ளினால் உள்ளே வரும் காற்று வடிகட்டி இல்லாத இடுக்குகள் வழியாக வரும். குளச்சலில் அது கூடவே கூடாது.

பொருத்தியது

பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாக்கெட்டின் இருபக்கமும் உள்ள கறுப்பு பிளாஸ்டிக் பொருத்திகளைக் கழற்ற வேண்டும், பின்தகடு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஏஎம்5 பிராசசரின் மேல்தகட்டின் ஓரங்கள் வெட்டுப்பட்டு எட்டுக்கால் பூச்சி போல இருக்கும். பிராசசருக்கும் கூலருக்கும் இடையே தடவும் பேஸ்ட் அதிகமானால் அந்த வெட்டுகளில் போய் நிரம்பும். மின்சாரம் கடத்தாத பேஸ்ட் என்பதால் கெடுதல் இல்லை, பிறகு சுத்தம் செய்வதுதான் பாடு. மெல்லியதாகத் தேய்த்துப் பரப்பிவிட்டேன். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஸ்கூட்டரில் போகிற பெட்டி என்பதால் இன்னொரு நிம்மதி. எடையுள்ள கோபுரக் கூலர் ஒவ்வொரு பள்ளத்திலும் சாக்கெட்டை நெம்பும். பலகையோடு ஒட்டிய இதற்கு அந்தக் கவலை குறைவு.

வாட்டைக் குறைத்தல்

86 டிகிரியிலும் ஃபேன் சத்தம் அத்தானுக்குப் பிடிக்கவில்லை. பயாஸில் மின்சாரத்தைக் குறைத்து ஓட்டும் ஈகோ மோடு இருக்கிறது. அதில் 45 வாட் என்று வைத்தால் உச்சம் 88லிருந்து 61 வாட்டுக்கு இறங்கும். வைத்துவிட்டு அதே சோதனையை ஓட்டினால் 71 டிகிரி. சினிபெஞ்ச் மதிப்பெண் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. வீடியோ எக்ஸ்போர்ட்டில் பெரும்பகுதி வேலையைக் கிராபிக்ஸ் கார்டு பார்ப்பதால் அங்கே நேர வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசி இருபது முப்பது வாட் சூட்டைத்தான் நிறையத் தருகிறது, வேகத்தைக் கொஞ்சம்தான் தருகிறது. சின்னப் பெட்டி கட்டுகிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. இதே அமைப்பில் எல்9ஏ 79இல் நின்றது. 40 மிமீக்கும் குறைவான இடமுள்ள பெட்டி வைத்திருக்கிறவர்களுக்கு, வாட்டைக் குறைத்துக்கொண்டால் எல்9ஏ தாராளமாகப் போதும். ஃபேனின் தரமும் அதில் ஒரு படி மேல்தான்.

எந்த வெப்பநிலையில் ஃபேன் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று வைப்பதிலும் கொஞ்சம் நேரம் செலவழித்தேன். இந்த பிராசசர்களில் ஒரு மென்பொருளைத் திறந்தாலே வெப்பநிலை சட்டென்று பதினைந்து டிகிரி ஏறி இறங்கும். ஃபேன் அதன் பின்னாலேயே ஓடினால் ஏறி இறங்கும் சத்தம், ஒரே சீரான சத்தத்தை விட எரிச்சல். 65 டிகிரி வரை ஒரே மெதுவான வேகம், அதன்பிறகு படிப்படியாக ஏற்றம், மாறுவதற்கு முன் சில விநாடி தாமதம் என்று வைத்தேன். இப்போது ஆல்பம் வேலை நடக்கும்போது மேலே சுற்றும் சீலிங் ஃபேன் சத்தம்தான் கேட்கிறது.

உப்பு

குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஜன்னல் கம்பி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இடவப்பாதி மழைக் காலத்தில், ஜூன் முதல், மேற்கிலிருந்து வரும் காற்று அலைத் தூவலை ஊருக்குள் கொண்டுவந்துவிடும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மதர்போர்டில் படிந்த உப்புத் தூசி அப்போது மின்சாரம் கடத்தும் ஈரப்படலம் ஆகிவிடும். கரையோரத்தில் அந்த ஈரப்பதம் சாதாரணம்.

இதனால்தான் எக்ஸ்47இல் கறுப்புப் பூச்சு உள்ளதை எடுத்தேன். அதே உயரத்தில் முழுச் செம்பு வகையும் இருக்கிறது. சூடு பரப்புவதில் செம்பு மேல் என்றாலும் எடை அதிகம், உப்புக் காற்றில் பச்சை பிடிக்கும் என்ற கவலையும் உண்டு. செம்பும் அலுமினியமும் பூச்சின்றித் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். ஹீட் பைப் தகடுகளுக்குள் நுழையும் இடங்கள் எல்லாம் அப்படிப்பட்டவை. எனவே பூச்சோ நிக்கல் முலாமோ உள்ளதை வாங்குவது நல்லது. வாங்கியவுடன் தகடுகளின் ஓரங்களை வெளிச்சத்தில் பார்த்து, பூச்சு உரிந்திருக்கிறதா என்று சரிபார்த்தேன்.

வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காய்ந்தபின் மாட்டும்படி அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். உப்பு தண்ணீரில்தான் போகும், பிரஷ் போட்டால் தூசிதான் போகும். கூலரின் தகடுகளுக்குப் பிரஷும் புளோயரும் போதும், ஆனால் ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கிணற்றடியில் ஈரத் துணியால் துடைக்கிற பழக்கம் இதற்குள் வேண்டாம். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாளிலும் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓட விடச் சொன்னேன். உள்ளே இளஞ்சூடு இருந்தால் ஈரம் படியாது. மண்டபத்து ஏசியிலிருந்து வெளியே கொண்டுவந்தவுடன் பெட்டியைத் திறக்கவோ ஓடவிடவோ கூடாது. குளிர்ந்த உலோகத்தில் வெளி ஈரம் வேர்த்து நிற்கும். அறைச் சூட்டுக்கு வந்தபின் போடலாம்.

ஈஸ்டருக்குப் பிறகு கல்யாண வேலைகளுக்கு இந்தப் பெட்டிதான் போய் வருகிறது. மூடியைத் திறந்து பார்த்தபோது ஃபோம் சட்டம் நெகிழாமல் இருந்தது. வடிகட்டியின் மேல் சாம்பல் நிறப் படலம், உள்ளே கூலரின் தகடுகளில் மெல்லிய தூசி. மதர்போர்டின் பின்பக்க இணைப்புகளில் பூட்டும் ஸ்க்ரூ ஒன்றில் மட்டும் துரு தொடங்கியிருந்தது. அதைத் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவாக மாற்றிவிட்டேன். மழை தொடங்கும் முன் மற்றவற்றையும் மாற்றப் போகிறேன்.